நீல டாம்செல் புதிய மீனைத் துரத்துகிறது: அதை வெளியேற்றுவதற்கு முன்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: 60 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் கொண்ட கடல்நீர்த் தொட்டியில் எட்டு மாதமாக ஒரேயொரு மஞ்சள்வால் நீல டாம்செல் என்ற சிறு பவளப்பாறை மீன் இருக்கிறது. பத்து நாளுக்கு முன் ஃபயர்ஃபிஷ் என்ற சிறிய கூச்ச மீன் ஒன்றை வாங்கி விட்டீர்கள். இரண்டாம் நாளிலிருந்து அது ஹீட்டருக்குப் பின்னால், மேல்மூலையில் ஒண்டிக்கொண்டு கிடக்கிறது. உணவு போட்டாலும் வெளியே வருவதில்லை. டாம்செலை வெளியேற்றிவிடலாமா, அல்லது இன்னொரு டாம்செலை வாங்கி விட்டால் இதன் கவனம் அதன்மேல் திரும்பி ஃபயர்ஃபிஷ் பிழைத்துக்கொள்ளுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி மீனின் குணத்தைப் பற்றியது போலத் தோன்றினாலும், இந்தத் தொட்டிக்குள் இரண்டாவது மீன் ஒன்றுக்கு இடம் இருக்கிறதா என்பதுதான் இதில் முடிவுசெய்ய வேண்டிய செய்தி. அந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

இரண்டாவது டாம்செல் வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. இப்போதுள்ள டாம்செலை உடனே வெளியேற்றவும் தேவையில்லை. இரண்டு வாரம் ஒதுக்கினால் செய்து பார்க்கத் தக்க ஒரு வழி இருக்கிறது. அது பலிக்கும் என்று உறுதி தர முடியாது. பலிக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் பின்னால் எழுதியிருக்கிறேன். நான் மீன்வளம் படித்தவன்; பதினெட்டு ஆண்டுகளாகப் பவளப்பாறை மீன்களை வளர்த்து வருகிறேன். ஆயினும் உங்கள் தொட்டியை நேரில் பார்க்காமல், நீங்கள் எழுதியதையும் இணைத்த ஒரு படத்தையும் மட்டுமே வைத்துச் சொல்கிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு டாம்செல்களில் ஒன்று சாதுவாகவும் மற்றொன்று தொட்டிக்குள் கையை விட்டாலே கடிக்க வருவதாகவும் இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

படத்தில் உள்ளது கிரைசிப்டெரா பாரசெமா என்ற இனம். மேற்குப் பசிபிக்கில் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள் ஆகிய பகுதிகளின் அமைதியான கடற்கழிகளிலும் கரையோரப் பாறைகளிலும், கிளைவிட்ட பவளங்களை ஒட்டி வாழ்வது. முழு வளர்ச்சியில் 7 செ.மீ. இருக்கும். கடையில் இதையும், இதைவிட முரட்டுத்தனமான கிரைசிப்டெரா சயனியா என்ற நீல டாம்செலையும் ஒரே பெயரில் விற்பது வழக்கம் என்பதால் முதலில் அதைத்தான் பார்த்தேன். உங்களுடையதில் மஞ்சள் நிறம் வாலோடு நிற்காமல் வாலின் அடியிலும் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே டாம்செல் குடும்பத்தில் ஓரளவு பொறுத்துப் போகும் இனங்களில் ஒன்றுதான் உங்களிடம் இருக்கிறது. ஆனால் இந்தப் பொறுமை ஒப்பீட்டளவில் சொல்லப்படுவது. பொமாசென்ட்ரிடே என்னும் இக்குடும்பத்தில் ஏறத்தாழ நானூறு இனங்கள் உள்ளன. கோமாளி மீன்களும் இதில்தான் வரும். அவற்றில் மிகப் பல, கையளவு பாறையையும் அதைச் சுற்றிய நீரையும் தம்முடையதாக வைத்துக்கொண்டு, அங்கேயே உண்டு, அங்கேயே ஒளிந்து, முட்டையையும் அங்கேயே ஒட்டிவைத்து ஆண் காவல் காக்கும் வாழ்க்கையை வாழ்பவை. அந்தப் பாறை பறிபோனால் இவற்றுக்கு எல்லாமே போய்விடும். விரல் நீளம்கூட இல்லாத மீன், தன்னைப் போலப் பல மடங்கு பெரிய மீனை எதிர்த்து நிற்பதன் காரணம் அதுதான்.

எல்லை என்றவுடன் நாம் வேலி போட்ட ஒரு மனையை நினைத்துக்கொள்கிறோம். உள்ளே வந்தால் அடி, வெளியே நின்றால் சும்மா இருக்கும் என்று. டாம்செலின் எல்லை அப்படிப்பட்டதில்லை. 1974-இல் ஆர்தர் மிர்பெர்க், ரொனால்ட் தெரெஷர் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் எளிய சோதனையைச் செய்தார்கள். வெவ்வேறு இன மீன்களைத் தெளிந்த பாத்திரத்தில் அடைத்து, பாறையைக் காவல் காக்கும் டாம்செலை நோக்கிச் சிறிது சிறிதாக நகர்த்தி, எந்தத் தொலைவில் அது பாய்ந்து வருகிறது என்று அளந்தார்கள். தொலைவு எல்லா மீனுக்கும் ஒன்றாக இருக்கவில்லை. தன் இனத்தைச் சேர்ந்ததை வெகு தொலைவிலேயே எதிர்கொண்டது. வேறு சில மீன்களை அருகில் வரும்வரை விட்டுவைத்தது. அதாவது ஒரே பாறையைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வட்டங்கள் இருக்கின்றன. வருவது யார் என்பதைப் பொறுத்து எந்த வட்டம் செல்லுபடியாகும் என்பது மாறுகிறது. இந்த ஒரு செய்தி பிடிபட்டுவிட்டால், தொட்டியில் நடப்பதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

இப்போது உங்கள் தொட்டியைப் பாருங்கள். அளவைப் பெருக்கினால் 84 லிட்டர் வருகிறது. மணலும் பாறையும் பிடித்த இடம் போக, நீர் 65 லிட்டர் இருந்தால் அதிகம். படத்தில் பாறை முழுவதும் நடுவில் ஒரே குன்றாகக் குவிந்திருக்கிறது. டாம்செல் அதன் உச்சிக் குகையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்து எந்த மூலைக்கும் 35 செ.மீ.தான் இருக்கும். புதிய மீன் எங்கே நின்றாலும் அதன் கண்ணில் படுகிறது. எங்கே நின்றாலும் ஏதோ ஒரு வட்டத்துக்குள்தான் நிற்கிறது. கடலில் துரத்தப்பட்ட மீன் ஒரு நொடியில் விலகிப் போய்விடும். போனதும் சண்டை முடிந்துவிடும். தொட்டியில் தோற்ற மீனுக்குப் போக இடமில்லை. அது இன்னும் அங்கேயே நிற்பதை டாம்செல் எதிர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறது, மீண்டும் துரத்துகிறது. கடலில் சில நொடிகளில் முடிய வேண்டிய தகராறு தொட்டியில் நாள்கணக்கில் நீள்வது இப்படித்தான்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, கெடுத்துத் தெரிந்துகொண்டேன். என் முதல் தொட்டிக்கு, கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட டாசிலஸ் டாம்செல் மூன்றை வாங்கி வந்தேன். கூட்டமாக வாழ்பவை, மூன்றாக வாங்குங்கள் என்று விற்றவர் சொன்னார். அதில் பொய்யும் இல்லை, கடலில் அவை ஒரே பவளப் புதரில் கூட்டமாகத்தான் இருக்கின்றன. ஆனால் கூட்டம் என்பது சமத்துவமன்று. அளவுப்படி மேல்கீழ் வரிசை உண்டு, கடைசியில் இருப்பது புதரின் ஓரத்துக்கு ஒதுங்கி வாழும். என் தொட்டியில் ஓரம் என்று ஒன்று இல்லை. முதல் மாதம் சிறியதன் வால் நார்நாராகக் கிழிந்தது. நான்காம் மாதத்தில் இரண்டாவதும் போயிற்று. மிஞ்சியது ஒன்பது ஆண்டு வாழ்ந்தது. அதற்குப் பிறகு அதனுடன் எந்த மீனையும் வைக்க முடியவில்லை. நோய் என்று நினைத்து முதல் இரண்டு மாதம் நான் நீரைச் சோதித்துக்கொண்டிருந்தேன் என்பது இன்றும் கூச்சம் தருகிறது.

அதனால்தான் இரண்டாவது டாம்செல் என்ற யோசனையை அவ்வளவு உறுதியாக மறுக்கிறேன். ஃபயர்ஃபிஷ் மீதான அடி குறையலாம் என்பது மெய்தான். ஆனால் டாம்செலின் மிகப் பெரிய வட்டம் எந்த மீனுக்கு உரியதோ, அதே மீனைக் கொண்டுவந்து அதன் வாசலில் விடுகிறீர்கள். பவளப்பாறை மீன்கள் பிற இனங்களைவிடத் தம் இனத்தையே கடுமையாகத் தாக்குகின்றன என்பதைக் விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் தொட்டியிலும் கடலிலும் கவனித்து, 1963-இல் எழுதிய நூலில் விரிவாகச் சொன்னார். பளிச்சென்ற நிறம்தான் சொந்த இனத்துக்கான எச்சரிக்கைப் பலகை என்ற அவருடைய விளக்கம் பிற்காலத்தில் கேள்விக்கு உள்ளானது. கவனிப்பு நிலைத்து நிற்கிறது. இடத்துக்காகவும் உணவுக்காகவும் உங்களோடு மிக அதிகமாகப் போட்டியிடுவது உங்களைப் போன்றதுதான். அதே உடல் வடிவம், அதே நிறம், அதே உணவு, அதே மாதிரியான பொந்து என்று எது அருகில் வருகிறதோ அதற்கு அடி அதிகம். மிகப் பெரிய தொட்டியில், ஒரே நாளில், சிறிய குஞ்சுகளாக ஏழெட்டை விட்டு அடியைப் பங்கிட்டுவிடுபவர்கள் உண்டு. 65 லிட்டர் நீரில் அது நடக்காது.

வழியைச் சொல்வதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் ஃபயர்ஃபிஷ் துரத்தப்படுவதால்தான் ஒண்டியிருக்கிறதா? டாம்செல் துரத்துவதைப் பார்த்ததாக ஒரே ஒரு முறைதான் எழுதியிருக்கிறீர்கள். ஃபயர்ஃபிஷ் இயல்பிலேயே கூச்ச மீன். பாறையின் அடிவாரத்தில் ஒரு பொந்துக்கு மேலே, நீரோட்டத்தை எதிர்நோக்கி மிதந்தபடி, அடித்து வரும் நுண்ணுயிர்களைக் கொத்தித் தின்று, நிழல் அசைந்தால் பொந்துக்குள் பாய்வது அதன் வாழ்க்கை. புதிய தொட்டியில் முதல் மூன்று நான்கு நாள் வெளியே தலைகாட்டாதிருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் பயந்த ஃபயர்ஃபிஷ் கீழே, பொந்துக்குள் இருக்கும். உங்களுடையது மேலே, ஹீட்டருக்குப் பின்னால் இருக்கிறது. கீழே உள்ள பொந்துகள் எல்லாவற்றிலிருந்தும் அது விரட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு இது வலுவான அடையாளம். அல்லது மூச்சுக்குத் திணறி, நீர்ப்பரப்பருகே வந்திருக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் டாம்செலின் மேல் பழிபோடக் கூடாது.

இன்றே அமோனியாவும் நைட்ரைட்டும் சோதியுங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். கடல்நீரில் பிஎச் எனப்படும் அமில-கார அளவு 8.1 முதல் 8.4 வரை இருப்பதால் சிறிதளவு அமோனியாவும் நன்னீரில் உள்ளதைவிட ஆபத்தானது: பிஎச் ஓர் அலகு கூடினால் அமோனியாவின் நச்சு வடிவம் ஏறத்தாழ பத்து மடங்காகிறது. வெப்பநிலை 24 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள், அடர்த்தி 1.025 அளவில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து மீனின் உடலைப் பாருங்கள். துடுப்பின் ஓரம் பிறைபோலப் பிய்ந்திருந்தால் அது கடி. உப்புத் தூவியதுபோல் தனித்தனி வெண்புள்ளிகள் இருந்தால் கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி நோய். மெல்லிய பொன்மாவு பூசியதுபோல் இருந்து, செவுள் வேகமாக அடித்துக்கொண்டால் அமைலூடினியம் என்ற இன்னோர் ஒட்டுண்ணி நோய். அது ஓரிரு நாளில் கொல்லும். இந்த இரண்டு நோயில் எது இருந்தாலும் நான் கீழே சொல்வது எதுவும் பொருந்தாது. மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றிச் சிகிச்சை தொடங்க வேண்டும். இந்நோய்களுக்குத் தரும் தாமிர மருந்தைப் பாறையும் முதுகெலும்பற்ற உயிர்களும் உள்ள தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். இறாலும் நத்தையும் பவளமும் அதோடு போய்விடும்.

நோயில்லை என்று ஆன பிறகு, தொட்டியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நாற்காலி போட்டுப் பதினைந்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். கண்ணாடிக்கு மிக அருகில் நின்றால் டாம்செல் உங்களைத்தான் பார்க்கும். உணவை எதிர்பார்த்து எல்லா வேலையையும் விட்டுவிடும். என் மேசைத் தொட்டியில் இருந்த மஞ்சள்வாலை இப்படிப் பார்த்துப் பார்த்தே அதன் எல்லையை வரைந்தேன். காலையில் விளக்கு எரிந்ததும் குகையை விட்டு வரும். வாயில் மணலை அள்ளி ஒரு சாண் தள்ளிக் கொண்டுபோய் உமிழும். குகை வாசலில் ஒரு சிறிய நத்தை ஏறினால், அதன் ஓட்டைக் கவ்வி, பக்கவாட்டில் தள்ளாடியபடி நீந்தி, பாறையின் விளிம்புக்கு அப்பால் போட்டுவிட்டுத் திரும்பும். நத்தை மறுபடி ஏறும், மறுபடி போடும். எந்த இடத்தில் போட்டது என்று குறித்துக்கொண்டே வந்தால், நத்தைக்கான வட்டம் எவ்வளவு பெரியது என்பது தெரிந்துவிடும். தகராறின் படிகளையும் பழகிக்கொள்ளுங்கள். முதலில் துடுப்பு எல்லாவற்றையும் விரித்துப் பக்கவாட்டில் தன் உடலைக் காட்டும். பிறகு வாலை அடித்து நீரை எதிராளிமேல் தள்ளும். கூர்ந்து கேட்டால் சில வேளை நறுக்கென்ற சிறு ஒலியும் கேட்கும். இதுவரை நடப்பது பேச்சுவார்த்தை, பயப்பட வேண்டாம். நேராகப் பாய்ந்து, எதிராளி திரும்பி ஓடிய பிறகும் தொட்டியின் மறுமுனைவரை விரட்டிச் சென்றால், அல்லது ஒண்டியிருப்பதை வேலைமெனக்கெட்டுத் தேடிப் போய்க் கடித்தால்தான் தலையிட வேண்டும்.

இடையில் ஒன்று. டாம்செலின் நிறத்தையும் பாருங்கள். சயனியா இனத்தில் நன்கு ஆராயப்பட்டது இது: அந்த நீலம் சாயமன்று, தோல் செல்களில் அடுக்கடுக்காகப் படிந்துள்ள குவானின் படிகத் தகடுகளில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருவது. தகடுகளுக்கு இடையிலான தூரத்தை மீன் மாற்றும்போது, மிரண்ட மீன் சில நொடிகளில் கருநீலமாகிவிடுகிறது. அளவில் வித்தியாசம் இருந்தாலும் மஞ்சள்வாலும் மிரண்டால் கறுக்கும் என்பது என் கண்ணறிவு. துரத்துகிறவன் கறுத்துக் கிடந்தால் அவனும் ஏதோ ஒன்றுக்குப் பயப்படுகிறான் என்று பொருள். பம்பின் அதிர்வு, வெளியே நடமாட்டம், நீர்க்கேடு என்று வேறு காரணத்தைத் தேடுங்கள். பளீரென்ற நீலத்தில் துரத்தினால், வீட்டுக்காரன் வீட்டைக் காக்கிறான், அவ்வளவுதான்.

இனி வழி. துளையிட்ட தெளிந்த அக்ரிலிக் பெட்டி ஒன்று வேண்டும். உள் கண்ணாடியில் மாட்டும்படியானது, நீளம் 20 செ.மீ. அளவில் இருந்தால் போதும். பெரும்பாலோர் புதிய மீனைப் பெட்டியில் வைத்துப் பழையதை வெளியில் விடுகிறார்கள். உங்கள் நிலையில் அதைத் திருப்பிச் செய்யச் சொல்கிறேன்: டாம்செலைப் பெட்டிக்குள் வையுங்கள், ஃபயர்ஃபிஷை வெளியில் விடுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு எல்லை மீன்கள் மோதினால், முன்பே அங்கிருந்தது பெரும்பாலும் வெல்லும் என்பது பல இனங்களில் உறுதிப்பட்ட செய்தி. அந்த முன்னுரிமையைத்தான் நாம் கலைக்கப் போகிறோம். இன்னொரு காரணமும் உண்டு. மிரண்ட ஃபயர்ஃபிஷ் குதிக்கும். பெட்டியில் அடைத்தால் இன்னும் குதிக்கும். உங்கள் தொட்டிக்கு மூடி இல்லை என்று படம் காட்டுகிறது. முதலில் சிறுகண் வலை மூடி ஒன்றைப் போட்டுவிடுங்கள்; மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. இந்த மீனை நான் இழந்த இரண்டு முறையும் தரையில்தான் கண்டெடுத்தேன், டாம்செல் கொன்றதில்லை.

டாம்செலைப் பாறைக்குள் வலை வீசிப் பிடிக்க முயலாதீர்கள். அரை மணி நேரத்தில் நீங்களும் களைத்து, எல்லா மீனும் மிரண்டுபோயிருக்கும். ஒரு சிறிய பிளாஸ்டிக் புட்டியின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே பிடித்த உணவைப் போட்டு மணலில் கிடத்துங்கள். முந்தின நாள் உணவு கொடுக்காமல் இருந்தால் விரைவில் நுழைந்துவிடும். டாம்செல் துணிச்சலான மீன் என்பது இந்த ஓர் இடத்தில் நமக்கு உதவுகிறது. பெட்டிக்குள் அது ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டைப் போட்டு, தினமும் இரண்டு மூன்று முறை சிறிதளவு உணவு கொடுத்துவாருங்கள்.

அது பெட்டியில் இருக்கும் நாளில் பாறையை மாற்றி அடுக்குங்கள். நடுவிலுள்ள ஒரே குன்றை உடைத்து, இரண்டு தனிக் குவியலாக்கி, இடையில் ஒரு கை நுழையும் அளவு மணல்வெளி விடுங்கள். ஒரு குவியலின் வாசலிலிருந்து பார்த்தால் இன்னொரு குவியலின் வாசல் தெரியக் கூடாது, இதுதான் முக்கியம். உயரம் குறைந்தாலும் பரவாயில்லை. நேர்ப்பார்வையை மறைக்கும் ஒரு சிறிய பாறைத்தட்டு, பத்து லிட்டர் கூடுதல் நீரைவிட அதிகப் பயன் தரும் என்பது என் மதிப்பீடு. ஃபயர்ஃபிஷ் நிற்கப் போகும் பக்கத்தில், விரல் நுழையும் அகலத்தில், வாய் கீழ்நோக்கிய பொந்து இரண்டாவது இருக்கட்டும். நீரோட்டம் அதன் முகத்தில் மெல்லப் படட்டும். மணலை ஆழமாகக் கிளறிவிடாதீர்கள். அடியில் தேங்கிய கழிவு ஒரே நாளில் கிளம்பினால், இவ்வளவு சிறிய நீரில் அமோனியா ஏறும். மறுநாள் ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள். ஒளிவிளக்கும் பம்பும் இருந்த இடத்திலேயே இருந்தால் டாம்செல் திரும்பி வந்ததும் அவற்றையே அடையாளமாகக் கொண்டு பழைய மூலையைக் கண்டுபிடித்துவிடும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதனால் பம்பையும் பக்கம் மாற்றிவிடுவேன். இதற்குச் சான்று என் பழக்கம் மட்டுமே.

பெட்டியில் ஏழு முதல் பத்து நாள் இருக்கட்டும். இந்த நாள்களின் பயன் ஃபயர்ஃபிஷ் இடம் பிடித்துக்கொள்வதோடு முடிவதில்லை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பழகுகின்றன. எல்லை காக்கும் பல விலங்குகள் தெரிந்த அண்டைவீட்டாரிடம் குறைவாகவும் அந்நியரிடம் அதிகமாகவும் சீறுகின்றன. டாம்செல்களிலும் இது காணப்பட்டுள்ளது. இருநிற டாம்செல்களில் 1985-இல் மிர்பெர்க்கும் ரிஜியோவும் செய்த ஆய்வில், பக்கத்து ஆணின் ஒலியை அதன் வழக்கமான திசையிலிருந்து ஒலிக்கவிட்டபோது எதிர்வினை குறைவாகவும், அதே ஒலியைத் தவறான திசையிலிருந்து விட்டபோது அதிகமாகவும் இருந்தது. யார் என்பதோடு எங்கே நிற்க வேண்டியவர் என்பதையும் இந்த மீன் கணக்கில் வைக்கிறது. ஃபயர்ஃபிஷ் தன் மூலையில் நின்று பழகட்டும், டாம்செல் அதை அந்த மூலையிலேயே பார்த்துப் பழகட்டும் என்று நான் சொல்வதன் அடிப்படை இதுதான். ஆனால் அந்த ஆய்வு ஒரே இனத்து ஆண்களைப் பற்றியது. வேறு இனத்துக்கு அதை நீட்டிப்பது என் ஊகம், தொட்டி அனுபவம் அதற்குத் துணை நிற்கிறது.

இது தொடர்பாக நீங்கள் கேள்விப்படக்கூடிய வேறு சில உபாயங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிக் கண்ணாடியில் முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டினால் டாம்செல் தன் பிம்பத்தோடு சண்டையிட்டுக் களைக்கும் என்பார்கள். முதல் ஓரிரு மணி நேரம் புதிய மீனுக்கு மூச்சுவிட வாய்ப்புக் கிடைக்கிறது, அது மெய். நாள் முழுக்க விட்டால் மீன் அடங்காமல் வெறியேறித் திரிவதையே கண்டிருக்கிறேன். ஆகவே விடுவிக்கும் நாளில் மட்டும் பயன்படுத்துவேன். உணவை அதிகமாகப் போட்டால் சாந்தமாகும் என்பதை நம்பி நீரைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். உணவை இரண்டு முனைகளில் ஒரே நேரத்தில் போடுவது போதும். இனப்பெருக்கக் கூடத்தில் பிறந்த டாம்செல் சண்டையிடாது என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. அத்தகைய மீன் உணவுக்கு எளிதில் பழகும், கடலிலிருந்து பிடிக்கப்படாதது என்பதற்காக அதையே வாங்கச் சொல்வேன். குணம் மாறும் என்பதற்காக அல்ல.

அடுத்து எதையும் சேர்க்கும் எண்ணம் இருந்தால், இந்த அளவுத் தொட்டியில் மூன்றாவது மீனாக ஒன்றைத்தான் ஒப்புக்கொள்வேன்: மணலில் வளை தோண்டி, பிஸ்டல் இறாலோடு கூடி வாழும் சிறிய கோபி மீன். அது டாம்செலுக்கு வேண்டாத தரையில் இருக்கும், நடுநீருக்கு ஏறாது, காவல் காக்க அதற்கென்று ஒரு வளை உண்டு. இன்னொரு ஃபயர்ஃபிஷ் வேண்டாம். இணை சேர்ந்த ஜோடியாக இல்லாவிட்டால் அவையும் தங்களுக்குள் ஒன்றை ஒன்று ஒழித்துவிடும். மீண்டும் ஒரு தொட்டியைத் தொடங்கும் நாள் வந்தால், கூச்ச மீனை முதலிலும் டாம்செலைக் கடைசியிலும் விடுங்கள். தொட்டியின் பாக்டீரியா நிலைபெறுவதற்காக, சாகாத மீன் என்று டாம்செலை முதலில் விடும் பழைய வழக்கம் இரண்டு வகையில் கேடு: அமோனியாவில் அந்த மீனை வதைக்கிறது, பிறகு தொட்டி முழுவதையும் அதன் சொத்தாக்கிவிடுகிறது. உங்கள் டாம்செலும் அப்படித்தான் வந்தது என்று உங்கள் எழுத்திலிருந்து ஊகிக்கிறேன்.

டாம்செலைப் பெட்டியிலிருந்து விடும் நாளில், மாலை விளக்கு அணைந்து அறை வெளிச்சம் மட்டும் இருக்கும்போது, ஃபயர்ஃபிஷ் இல்லாத குவியலின் பக்கம் விடுங்கள். அன்று தொட்டிக்குள் கையை விடாதீர்கள். மறுநாள் காலை சில துரத்தல்கள் இருக்கும். எதிராளி தன் பொந்துக்குள் நுழைந்ததும் டாம்செல் திரும்பிப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். திரும்பினால் எல்லை வகுக்கப்படுகிறது என்று பொருள். பொந்தின் வாயிலேயே காத்து நின்றாலோ, ஃபயர்ஃபிஷ் மீண்டும் ஹீட்டருக்குப் பின்னால் ஏறினாலோ, அன்றே டாம்செலைப் பெட்டிக்குத் திருப்பி இன்னும் ஒரு வாரம் பாருங்கள். இரண்டாம் முறையும் அப்படியே என்றால் முயற்சியை விட்டுவிடலாம். அதற்கு மேல் வைத்திருப்பது ஃபயர்ஃபிஷைப் பட்டினி போடுவதாகும். அப்போது வெளியேற வேண்டியது எது என்பது உங்கள் விருப்பம். எட்டு மாதம் வாழ்ந்த டாம்செலை வைத்துக்கொண்டு ஃபயர்ஃபிஷைத் திருப்பிக் கொடுப்பதிலும் குறையொன்றும் இல்லை; அந்தத் தொட்டி தனி டாம்செல் ஒன்றுக்கு நல்ல வீடு. எதைக் கொடுத்தாலும் வேறொரு வளர்ப்பாளரிடமோ வாங்கிய இடத்திலோ கொடுங்கள். கடலில் மட்டும் விட்டுவிடாதீர்கள். 1985-இல் ஃப்ளோரிடாக் கரையில் முதலில் காணப்பட்ட பசிபிக் சிங்கமீன்கள் பின்னர் மேற்கு அட்லாண்டிக்கிலும் கரீபியனிலும் பரவிவிட்டன. தொட்டிகளிலிருந்து வந்தவை என்றே அவை கருதப்படுகின்றன.

மாறாக, விட்ட மூன்றாம் நாள் ஃபயர்ஃபிஷ் தன் பொந்துக்கு ஒரு சாண் மேலே, முதுகின் நீண்ட முன்துடுப்பை விட்டுவிட்டு நிமிர்த்தியபடி, நடுநீரில் நின்று உணவைக் கொத்தினால், அக்ரிலிக் பெட்டியை நன்னீரில் கழுவிக் காயவைத்துவிடலாம். வலை மூடியை மட்டும் எடுக்காதீர்கள்.